பதிவேட்டில் 'காரணம்' என்னும் கட்டம்



திருச்சபையின் அடக்கப் பதிவேட்டில் பெயர், வயது, தொழில், மரித்த நாள், அடக்கம் செய்த நாள் ஆகியவற்றுக்கு அடுத்து 'மரணத்தின் காரணம்' என்று ஒரு கட்டம் உண்டு. அதை நிரப்புவது போதகரின் கடமை. பல ஆண்டுகளுக்கு முன்பு, காசிமேட்டுக் கல்லறைத் தோட்டத்தில் இருபத்தாறு வயது இளைஞன் ஒருவனை நல்லடக்கம் செய்துவிட்டுத் திரும்பிய மாலையில், அந்தக் கட்டத்தில் 'மாரடைப்பு' என்று எழுதினேன். அவனுடைய தாயார் அப்படித்தான் எழுதச் சொன்னார்கள்.

அவன் துறைமுகத்தை அண்டிக் கூலி வேலை செய்துவந்தவன். போதை ஊசி போட்டுக்கொள்ளும் பழக்கம் அவனுக்கு இருந்தது என்பது தெருவே அறிந்த செய்தி. மூன்று மாதம் ஒரு மறுவாழ்வு இல்லத்தில் தங்கி, உடல் தேறி, ஞாயிறு ஆராதனையில் எழுந்து நின்று சாட்சியும் சொன்னான். அதற்குப் பத்து நாள் கழித்து, விடியற்காலையில், கையில் ஊசியோடு இறந்துகிடந்தான். அடக்க ஆராதனையில் நான் பின்மாற்றத்தைக் குறித்துப் பேசினேன். கலப்பையின்மேல் கை வைத்தபின் திரும்பிப் பார்ப்பதைக் குறித்தும் பேசினேன். அன்று பேசியது எவ்வளவு பெரிய தவறு என்பதை உணர எனக்குச் சில ஆண்டுகள் ஆயின. அதைச் சொல்லவே இவ்வாரம் எழுத உட்கார்ந்தேன். ஆனால் அதற்குமுன் வேறொரு பதிவேட்டின் கதையைச் சொல்ல வேண்டியிருக்கிறது.

சென்னையில் மனநோயாளிகளுக்கென 1794இல் வாலன்டைன் கானலி என்னும் மருத்துவர் ஒரு சிறு காப்பகத்தைத் தொடங்கினார். அதன் வழித்தோன்றலே 1871 முதல் கீழ்ப்பாக்கத்தில் இயங்கும் மருத்துவமனை. அக்காலத்தில் இந்தியாவெங்கும் இருந்த இத்தகைய காப்பகங்களின் பதிவேடுகளிலும் 'காரணம்' என்று ஒரு கட்டம் இருந்தது. தெருவில் திரிந்த ஒருவனைக் காவலர் பிடித்து அனுப்பும்போது, அவனைப் பற்றிய விவரச் சீட்டும் உடன் செல்லும். அவனுக்குப் புத்தி பேதலித்த காரணம் என்னவென்று அதில் எழுதியாக வேண்டும். கட்டத்தை வெற்றிடமாக விட்டால் மேலதிகாரி கேள்வி கேட்பார். ஆகவே வேறொன்றும் தெரியாதபோது 'கஞ்சா' என்று எழுதிவிடுவது எளிதாயிருந்தது. ஆண்டுதோறும் அந்தச் சீட்டுகள் கூட்டிக் கணக்கிடப்பட்டன. 'கஞ்சாவே இந்தியரைப் பைத்தியமாக்குகிறது' என்னும் முடிவு லண்டன்வரை சென்றது.

1893 மார்ச் மாதம், பிரிட்டிஷ் நாடாளுமன்றத்தில் டபிள்யூ. எஸ். கெய்ன் என்னும் உறுப்பினர் இதைப் பற்றிக் கேள்வி எழுப்பினார். அவர் பாப்டிஸ்டு சபையைச் சேர்ந்தவர். மதுவிலக்கு இயக்கத்தின் முன்னணிப் பேச்சாளர். அதன் விளைவாக இந்திய அரசு சணல் போதைப்பொருள் ஆணையத்தை அமைத்தது. ஏழு உறுப்பினர், அவர்களில் மூவர் இந்தியர். நம் மாகாணம் உட்பட நாடெங்கும் 1,193 சாட்சிகளின் கருத்துகளைப் பெற்று, 1894இல் ஏழு தொகுதிகளாக அறிக்கை அளித்தார்கள். சாட்சி சொன்னவர்களில் மிஷனரிகளும் இருந்தார்கள்.

இந்த ஆணையம் செய்த ஒரு காரியம் எனக்கு மிகவும் பிடிக்கும். அவர்கள் காப்பகங்களின் மொத்தக் கணக்கை நம்பவில்லை. 1892ஆம் ஆண்டில் காப்பகங்களில் சேர்க்கப்பட்டோருள் கஞ்சா காரணமெனப் பதிவானவர்களைப் பற்றி, அவரவர் சொந்த ஊரில் விசாரிக்கச் செய்தார்கள். அவ்வாண்டு சேர்க்கப்பட்டோர் மொத்தம் 1,344 பேர். அவர்களுள் 222 பேருக்குக் காரணம் கஞ்சா அல்லது அதன் வகை என்று பதிவேடுகள் கூறின. விசாரித்து முடித்தபோது, அவ்வாறு சொல்வதற்கு ஓரளவேனும் ஆதாரம் உள்ளவர்கள் 98 பேரே எனக் கண்டார்கள். கஞ்சாவைத் தவிர வேறு காரணமே புலப்படாதவர் 61 பேர்தான். மற்றவர்களின் 'காரணம்' ஏதோவொரு காவல் நிலையத்தில், அவர்களை அதற்குமுன் கண்டிராத ஒருவரால் எழுதப்பட்டது.

கஞ்சா தீங்கற்றது என்பதற்காக இதைச் சொல்லவில்லை. அளவோடு கொள்வோர்க்குப் பெருந்தீங்கு இல்லையென்றும், மிதமிஞ்சினால் கேடு என்றும் ஆணையம் முடிவுசெய்தது. இந்திய உறுப்பினர் இருவர் அதனோடு மாறுபட்டுத் தனிக் குறிப்பு எழுதினார்கள். பிற்காலத்து ஆய்வு அந்த மாறுபட்டவர்களுக்கும் சிறிது இடம் தந்திருக்கிறது. சுவீடனில் இராணுவத்தில் சேர்ந்த 45,000க்கும் மேற்பட்ட இளைஞரைப் பின்தொடர்ந்து 1987இல் வெளியான ஆய்வு, பதினெட்டு வயதுக்குள் 50 தடவைக்குமேல் கஞ்சா புகைத்தவர்களுக்குப் பிற்காலத்தில் மனச்சிதைவு நோய் வரும் வாய்ப்பு, புகைக்காதவர்களைவிட ஆறு மடங்கு என்றது. வளரும் மூளைக்கு அது நஞ்சு. இளம் பிள்ளைகளுள்ள பெற்றோர் இதை அறிந்திருப்பது நல்லது. என் அக்கறை அந்தக் கட்டத்தைப் பற்றியது. பக்தியும் நல்லெண்ணமும் உள்ள ஒருவர், தவறாக நிரப்பப்பட்ட ஒரு கட்டத்தை நம்பி நாடாளுமன்றத்தில் எழுந்து நிற்க முடியும்.

பெரும்பான்மையோடு கையொப்பமிட்ட இந்திய உறுப்பினர் கன்வர் ஹர்நாம் சிங், கபூர்தலா அரச குடும்பத்தில் பிறந்து கிறிஸ்துவை ஏற்றுக்கொண்டவர். அவருடைய மகளே சுதந்திர இந்தியாவின் முதல் சுகாதார அமைச்சர் ராஜகுமாரி அம்ரித் கௌர். புதுதில்லி எய்ம்ஸ் மருத்துவ நிறுவனம் அவருடைய முயற்சியால் 1956இல் சட்டப்படி நிறுவப்பட்டது. 2019இல் இந்திய மக்களின் போதைப்பழக்கம் பற்றிய நாடு தழுவிய கணக்கெடுப்பை வெளியிட்டதும் அதே நிறுவனத்தின் போதை சிகிச்சை மையம்தான்: 10 முதல் 75 வயதுக்குட்பட்டோரில் மது அருந்துவோர் ஏறத்தாழ 16 கோடி, கஞ்சா வகைகளைக் கொள்வோர் 3 கோடிக்குச் சற்று மேல், அபினி வகைகளைக் கொள்வோர் 2 கோடிக்கு மேல், ஊசி போட்டுக்கொள்வோர் ஏறத்தாழ எட்டரை லட்சம். தந்தை கேட்ட கேள்விக்கு மகள் நிறுவிய இடத்திலிருந்து நூற்றிருபத்தைந்து ஆண்டுகள் கழித்து வேறொரு விடை வந்ததுபோல் எனக்குத் தோன்றும்.

மதுவின் கதை இதற்குள் அடங்காது, சுருக்கமாகவே சொல்கிறேன். 1937 அக்டோபர் 1 அன்று இராஜாஜி சேலம் மாவட்டத்தில் மதுவிலக்கைத் தொடங்கினார். இழந்த வருவாயை ஈடுசெய்ய 1939இல் விற்பனை வரி கொண்டுவந்தார். 1948 அக்டோபர் 2 அன்று சென்னை நகரமும் அதற்குள் வந்தது. 1971இல் விலக்கு நீங்கிற்று, 1974இல் மீண்டும் வந்தது, 1981இல் மீண்டும் நீங்கிற்று. 1983இல் டாஸ்மாக் நிறுவனம் பிறந்தது. 2003 முதல் சில்லறை விற்பனையும் அதனிடமே. விலக்கு இருந்த ஆண்டுகளில் நம் பகுதியில் யாரும் குடிக்கவில்லை என்று எண்ணுவோருக்கு, வண்ணாரப்பேட்டை முதியவர்கள் 'ஜிஞ்சர்' என்றும் 'வார்னிஷ்' என்றும் சொல்லும் சொற்களுக்குப் பொருள் தெரியாது. ஒன்று மருந்துக்கடை இஞ்சிச் சாராயம். மற்றது மரத்துக்குப் பூசுவது. மீனவர் குப்பங்களில் சுண்டக்கஞ்சி குடத்தில் புளித்துக்கொண்டிருந்தது. ஆலையில் கரைப்பானாகப் பயன்படும் மெத்தனால் உடலுக்குள் சென்றால், ஈரல் அதை ஃபார்மிக் அமிலமாக மாற்றுகிறது. அது முதலில் கண் நரம்பைத் தாக்கும், பிறகு உயிரைக் குடிக்கும். 2024 ஜூன் மாதம் கள்ளக்குறிச்சியில் 60க்கும் மேற்பட்டோரைக் கொன்றது அதுவே.

நம் வடசென்னைக்குப் புதிதாய் வந்த கேடு வேறு. 1980களின் தொடக்கத்தில் 'பிரவுன் சுகர்' என்னும் கலப்பட ஹெராயின் இந்திய நகரங்களுக்குள் நுழைந்தது. ஈரானில் 1979இல் புரட்சி. அதே ஆண்டின் முடிவில் ஆப்கானிஸ்தானத்தில் சோவியத் படை. மேற்கே செல்லும் பழைய கடத்தல் வழிகள் குலைந்து, சரக்கு கிழக்கே திரும்பியது. மார்ஃபின் 1805 அளவில் அபினியிலிருந்து பிரித்தெடுக்கப்பட்டது. ஹெராயின் 1898இல் ஜெர்மனியின் பேயர் நிறுவனத்தால் இருமல் மருந்தாகவே விற்பனைக்கு வந்தது. இருமல் மருந்தாகப் பிறந்தது, ஈயத்தாளில் வைத்துச் சூடேற்றி இழுக்கும் புகையாக இராயபுரத்துச் சந்துகளுக்கு வந்து சேர்ந்தது.

அப்போது நம் பகுதி எப்படியிருந்தது என்பதையும் நினைத்துப் பாருங்கள். 1983இல் சென்னைத் துறைமுகத்தில் சரக்குப் பெட்டக முனையம் திறக்கப்பட்டது. மூட்டை மூட்டையாகத் தோளில் சுமந்தவர்களின் வேலையைப் பளுதூக்கி எடுத்துக்கொள்ளத் தொடங்கிற்று. பெரம்பூரில் தலைமுறைகளுக்குச் சோறு போட்ட பின்னி ஆலை 1996இல் மூடப்பட்டது. வேலை இழப்பே போதைக்குக் காரணம் என்று எழுதினால், நானும் காவல் நிலையத்து எழுத்தரைப்போல ஒரு கட்டத்தை அவசரமாக நிரப்பியவனாவேன். ஆனால் சந்தையில் புதிய சரக்கு வந்த அதே காலத்தில், அதை வாங்கும் வயதிலிருந்த ஆண்மக்கள் பலருக்குக் காலையில் எழுந்து போக இடமில்லாமல் போயிற்று என்பதை மட்டும் பதிவு செய்கிறேன்.

1985 நவம்பரில் போதைப்பொருள் தடுப்புச் சட்டம் நடைமுறைக்கு வந்தது. தனிப்பயன்பாட்டுக்கான சிறு அளவு நீங்கலாக, ஹெராயின் வைத்திருப்பதற்குக் குறைந்தது பத்து ஆண்டுச் சிறை. அளவுக்கேற்பத் தண்டனை வேறுபடும் முறை 2001 திருத்தத்தில்தான் வந்தது. சட்டம் கடுமையானது, சரக்கின் விலை ஏறியது, தரம் குறைந்தது. புகையாக இழுப்பவனுக்குக் காசு போதவில்லை. அதே காலத்தில் மருந்துக்கடையில் புப்ரெனார்ஃபின் என்னும் வலிநீக்கி ஊசி மலிவாகக் கிடைத்தது. 1990களில் புகைத்தவர்கள் ஊசிக்கு மாறினார்கள். அதனோடு தூக்க மருந்தும் ஒவ்வாமை மருந்தும் கலந்து ஏற்றிக்கொண்டார்கள். ஊசி ஒன்று, கைகள் நான்கு.

இந்தியாவில் எச்.ஐ.வி. இருப்பதை 1986இல் முதன்முதலாகக் கண்டறிந்தது நம் சென்னை மருத்துவக் கல்லூரியின் டாக்டர் சுனிதி சாலமனும் அவர் மாணவி நிர்மலாவும் என்பதைப் பலரும் அறிவீர்கள். அந்த இரத்த மாதிரிகள் சோதிக்கப்பட்ட இடம் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி. சுனிதி அம்மையார் 1993இல் நிறுவிய ஒய்.ஆர்.ஜி. கேர் அமைப்பு, 2005–06இல் சென்னையில் போதை ஊசி போட்டுக்கொள்ளும் 1,158 பேரைச் சேர்த்துப் பின்தொடர்ந்தது. தொடக்கத்திலேயே அவர்களில் ஏறத்தாழ நான்கில் ஒருவருக்கு எச்.ஐ.வி. இருந்தது. 2008க்குள் 85 பேர் இறந்துவிட்டார்கள். அதே வயதுள்ள பொதுமக்களோடு ஒப்பிட்டால் சாவு விகிதம் ஏறத்தாழ 11 மடங்கு. அந்த 85 மரணங்களுள் முதலிடம் எய்ட்ஸுக்கு அன்று. மிகை அளவால் இறந்தவர் 22 பேர். எய்ட்ஸால் 14 பேர். காசநோயால் 8 பேர்.

இந்த எண்களை ஒரு மருத்துவ நண்பர் என்முன் வைத்தபோதுதான் அந்த இருபத்தாறு வயது இளைஞனைப் பற்றி அவரிடம் கேட்டேன். மூன்று மாதம் விட்டிருந்தவன், ஒரே தடவையில் எப்படி இறப்பான்? பழக்கம் உள்ளவன் பல ஆண்டுகள் தாங்கினானே?

அவர் பொறுமையாக விளக்கினார். நம் மூளையில் அபினி வகைப் பொருள்கள் வந்து அமரும் ஏற்பிகள் இருக்கின்றன. 1973இல் அவற்றைக் கண்டறிந்தார்கள். அடுத்த இரண்டு ஆண்டுகளில், அந்த ஏற்பிகளுக்கென உடலே சுரக்கும் பொருள்களையும் கண்டறிந்தார்கள். படைத்தவர் நம் வலியைத் தணிக்க நமக்குள்ளேயே வைத்த மருந்து அது. வெளியிலிருந்து வெள்ளம்போல் அப்பொருள் வரும்போது, ஏற்பிகள் மரத்துப்போகின்றன. நேற்றைய அளவு இன்று போதாது. மூச்சை இயக்கும் மூளைத்தண்டும் அந்தப் பெரிய அளவைத் தாங்கப் பழகிவிடுகிறது. விட்டுவிட்டால் என்ன ஆகும்? சில வாரங்களில் அந்தத் தாங்குதிறன் போய்விடும். உடல் குழந்தையின் உடலைப்போல் ஆகிவிடும். ஆசையோ அவ்வளவு விரைவில் போகாது. அது இருக்கும் இடம் வேறு. பழைய தெரு, பழைய நண்பன், பழைய வாசனை ஒன்று போதும். ஒருநாள் தடுமாறி, பழைய அளவையே ஏற்றிக்கொள்வான். மூளைத்தண்டு மூச்சை மறந்துவிடும். சிறையிலிருந்தும் மறுவாழ்வு இல்லத்திலிருந்தும் வெளியே வரும் முதல் சில வாரங்களே மிக ஆபத்தானவை என்று உலகெங்கும் மருத்துவர்கள் எச்சரிப்பது இதனால்தான்.

அதாவது, அவன் உண்மையாகவே விட்டிருந்தான். சாட்சி சொன்னது பொய்யன்று. ஏமாற்றிக்கொண்டே இருந்திருந்தால் ஒருவேளை அன்று பிழைத்திருப்பான். நானோ அவன் பெட்டியின்முன் நின்று பின்மாற்றத்தைப் பற்றிப் பேசினேன்; முன்வரிசையில் அவன் தாயார் தலைகுனிந்து உட்கார்ந்திருந்தார்கள். அவனைத் தங்கவைத்த இல்லத்தில் ஜெபமும் இருந்தது, அன்பும் இருந்தது. வாயிலில் விடைகொடுக்கும்போது இந்த ஒரு செய்தியை அவனுக்கும் அவன் வீட்டாருக்கும் சொல்ல யாருமில்லை. எனக்கே தெரியாதபோது அவர்களைக் குறை சொல்ல எனக்கு உரிமையில்லை.

அதே புப்ரெனார்ஃபின் இன்று மருந்தாகவும் இருக்கிறது. நாக்கின் அடியில் வைத்துக் கரைக்கும் மாத்திரையாக, நாள்தோறும் செவிலியரின் கண்முன், தேசிய எய்ட்ஸ் கட்டுப்பாட்டு அமைப்பின் மாற்று மருந்துத் திட்டத்தில் 2007–08 முதல் இந்தியாவெங்கும் விரிவாக வழங்கப்படுகிறது. ஊசியைக் கைவிட முடிகிறது. வேலைக்குப் போக முடிகிறது. தாங்குதிறன் திடீரென விழுவதுமில்லை. 'ஒரு போதைக்கு மற்றொரு போதையா?' என்று சபையார் சிலர் கேட்கிறார்கள். நம் ஆண்டவர் சிலுவையில் வெள்ளைப்போளம் கலந்த திராட்சரசத்தை மறுத்தாரே என்று ஒரு மூப்பர் என்னிடம் சொன்னார். மறுத்தது உண்மை. ஆனால் அது அவர் தமக்காகச் செய்த தெரிவு. எரிகோ சாலையில் குற்றுயிராய்க் கிடந்தவனிடம் வந்த சமாரியன் எண்ணெயும் திராட்சரசமும் வார்த்தானேயன்றி, வலியைச் சகித்துக்கொள் என்று சொல்லிவிட்டுப் போகவில்லை. சர்க்கரை நோய்க்கு நாள்தோறும் மாத்திரை விழுங்கும் அந்த மூப்பரிடம் இதற்குமேல் நான் வாதாடவில்லை.

சென்னைக்கு இதில் ஒரு நல்ல மரபும் உண்டு. கணவரைக் குடிநோய்க்கு இழந்த சாந்தி ரங்கநாதன் 1980இல் டி.டி. ரங்கநாதன் அறக்கட்டளையைத் தொடங்கியபோது, குடியை நோயென்று சொல்வதே புதுமை. நகரின் தென்கோடியில் அது எழுந்தது. வடகோடிக்கு அத்தகைய வசதிகள் வர நெடுங்காலம் ஆயிற்று. பஞ்ச காலத்தில், 1782இல், இராயபுரத்தையொட்டி மணியக்காரர் சத்திரத்தில் கஞ்சி ஊற்றப்பட்டதால் ஸ்டான்லி மருத்துவமனைக்கு இன்றும் 'கஞ்சித்தொட்டி ஆஸ்பத்திரி' என்று பெயர். பசித்தவனை யாரென்று விசாரிக்காமல் ஊற்றிய இடம் அது. மனநலப் பிரிவுக்கு ஒருவனை அழைத்துச் செல்லும்போதெல்லாம் அந்தப் பெயரை நினைத்துக்கொள்வேன்.

இப்போது ஹெராயின் குறைந்து, வலிநீக்கி மாத்திரைகளைக் கரைத்து ஏற்றிக்கொள்வது பரவியிருக்கிறது. டேபென்டடால் என்னும் பெயரைச் சென்னைக் காவல்துறைச் செய்திகளில் நீங்களே படித்திருப்பீர்கள். அதுவும் அபினி வகையே. மூச்சை நிறுத்தும் விதமும் அதேதான். வீட்டில் ஒருவர் இவ்வாறு மயங்கிக் கிடந்து, உதடு நீலம் பாரித்து, குறட்டைபோல் மூச்சிழுத்தால், அவர் தூங்குகிறார் என்று விட்டுவிடாதீர்கள். ஒருக்களித்துப் படுக்கவைத்து 108ஐ அழையுங்கள். என்ன உட்கொண்டார் என்பதை மறைக்காமல் சொல்லுங்கள்; நலாக்ஸோன் என்னும் மாற்று மருந்து மருத்துவமனையில் உண்டு. சிகிச்சைக்கு வழி கேட்க 14446 என்னும் தேசிய உதவி எண் இருக்கிறது. சிறு அளவு வைத்திருந்ததற்காக வழக்கில் சிக்கியவர், தாமாக முன்வந்து அங்கீகாரம் பெற்ற இடத்தில் சிகிச்சை பெற்றால், அவருக்கு வழக்கிலிருந்து பாதுகாப்பு அளிக்கும் 64ஏ பிரிவும் சட்டத்தில் இருக்கிறது. இதை அறிந்த குடும்பங்கள் மிகச் சிலவே.

சென்ற ஆண்டு ஏதோ சான்றுக்காக அந்தத் தாயார் பதிவேட்டின் நகல் கேட்டு வந்தார்கள். எழுதிக் கொடுத்துவிட்டு, அவர்களை உட்காரச் சொல்லி, மருத்துவர் எனக்குச் சொன்னதை முழுவதும் சொன்னேன். அடக்க ஆராதனையில் நான் பேசியதற்கு மன்னிப்பும் கேட்டேன். அவர்கள் வெகுநேரம் ஒன்றும் சொல்லவில்லை. பிறகு, "அப்ப அவன் என்னை ஏமாத்தலையா, ஐயா?" என்று கேட்டார்கள்.

"இல்லைம்மா" என்றேன்.

நகலை மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டு போனார்கள். அதில் 'மாரடைப்பு' என்றுதான் இருக்கிறது.